வெளிநாட்டு வீராங்கனை

இன்று காலை கராஜைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உன் மகளின் க்ளவுஸ். சைக்கிள் மாட்டுகிற கொக்கியில் ஒரு ஜோடியை மறந்து விட்டுப் போயிருக்கிறாள். கோல்கீப்பர் க்ளவுஸின் நாற்றத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈர ரப்பர், புல், வியர்வை மூன்றும் சேர்ந்து புளித்துப்போன வாடை. நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் என் பழைய வேனுக்குள் அதை எத்தனை வருஷம் சுமந்துகொண்டு திரிந்தோம். என் மகள் நித்யா ஜன்னலை இறக்கிவிட்டுக் கத்துவாள். நீ மட்டும் திரும்பி என்னைப் பார்த்து, “சென்ட் மாதிரி இருக்குல்லட்டி” என்று கடுப்பேற்றுவாய்.

உன் ரீனா ஊருக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது, இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இல்லாதவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வரும். இப்போது வேறு யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் ஜனவரியில் இங்கே, நாங்கள் இப்போது குடிவந்திருக்கும் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவுக்கு வந்தாள். டிசம்பரில் நியூஜெர்சியில் காலேஜ் முடித்துவிட்டு, இரண்டு பையோடு வந்து இறங்கினாள். இங்கிருந்து முக்கால் மணி நேர டிரைவில் பெண்களின் தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்று இருக்கிறது. அவர்கள் அவளை டிரையலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சீசன் ஆரம்பிக்கும் முன்னால் அணியோடு சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும், பிடித்திருந்தால் ஒப்பந்தம். உன் வீட்டுக்காரர் போனில், “நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அனுப்புறேன்” என்றார். அதிகம் பேசாத மனுஷன், நீ போன பிறகு இன்னும் குறைந்துவிட்டார். நான் பெரிய இவளாட்டம், “அதெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றேன்.

தினமும் காலை ஆறரை மணிக்குக் கிளம்புவாள். மதியம் வந்து ஒரு குக்கர் சாதத்தை ஒற்றை ஆளாகத் தீர்ப்பாள். பிறகு பாத்ரூமில் உட்கார்ந்து க்ளவுஸைக் கையில் மாட்டிக்கொண்டே, கை கழுவுவது போலத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடுமாம். கராஜில் நிழலில் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டுவிட்டு வந்து அன்றைக்குப் பிடித்த பந்துகளைப் பற்றி இங்கிலீஷில் சொல்லுவாள். பாதி எனக்குப் புரியாது. ஆனால் அவள் கையை விரித்துக் காட்டும்போது அது அப்படியே உன் கை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மார்ச் மாதம் முதல் வாரத்தில் கோச் கூப்பிட்டுச் சொன்னாராம், உன்னைப் பிடித்திருக்கிறது என்று. அடுத்த நாள் அணியின் ஆபீசிலிருந்து ஒரு பெண்மணி அழைத்து, மன்னிக்க வேண்டும், முடியாது என்று சொன்னார். ஒரு அணியில் வெளிநாட்டு வீராங்கனைகளுக்கு என்று இத்தனை இடம்தான் உண்டு. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். அந்த இடங்களில் ஐரோப்பாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் உலகக் கோப்பையில் ஆடியவர்களை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். கிரீன் கார்டு இருந்தால் நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றாராம்.

வெளிநாட்டு வீராங்கனை. மூன்று மாதக் குழந்தையாகப் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து, அங்கேயே கிண்டர்கார்ட்டன் படித்து, ‘அம்மா’, ‘அப்பா’, ‘பசிக்குது’ தவிர மற்ற எல்லாவற்றையும் இங்கிலீஷில் பேசுகிற உன் மகள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை சிங்க்கில் வீசினேன். அவள் அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, “இட்ஸ் ஓகே ஆண்ட்டி” என்றாள்.

இது யாரால் வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் இரண்டு பேர் வீடும் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் எதிரெதிர் கதவு. உனக்கு ஏழாம் மாதம், எனக்கு ஆறு. தூத்துக்குடியிலிருந்து உன் அம்மா தினமும் போன் செய்வார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை என்று. உன் வீட்டுக்காரர் மட்டும், “இங்கயே பாத்துக்கலாமே, இன்சூரன்ஸ் இருக்கே” என்று மெல்லச் சொன்னார். நீ இரண்டு மனசாக நின்றாய். ஒரு நாள் போகிறேன் என்பாய், மறுநாள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாய்.

எனக்குப் பிரஷர். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அம்மாவுக்கு விசாவும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைக்காதது உனக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இல்லை, அதுகூடப் பெருமைக்குச் சொல்வது. அம்மா கையால் ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிட வேண்டும் என்று எனக்கு இருந்த வெறியை உன் மேல் ஏற்றி அனுப்பினேன். உன் சமையலறையில் நின்றுகொண்டு, உன் வீட்டுக்காரர் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகப் பேசினேன். “தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்துல இல்லாம எப்படிடி? போயிட்டு வா. பாப்பாக்கு அமெரிக்கா பாஸ்போர்ட் இல்லன்னா இப்ப என்ன? ரெண்டு வருஷத்துல நாம எல்லாருமே ஊருக்குப் போயிடப் போறோம்.”

அந்த ரெண்டு வருஷத்தைத்தான் அந்த அபார்ட்மெண்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ரெண்டு வருஷம்தானே என்று சோபா வாங்காமல் பாயில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பார்த்தால் ஆளாளுக்கு வீடு வாங்கி, பின்பக்கம் கறிவேப்பிலைச் செடி வைத்து, அதைக் குளிருக்கு உள்ளே தூக்கி வைத்து வெளியே தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். யாரும் போகவில்லை.

நீ போனாய். ஐந்து மாதம் கழித்து மூன்று மாத ரீனாவைத் தூக்கிக்கொண்டு, கன்னமெல்லாம் பூரித்துப்போய் வந்தாய். நித்யா பிரின்ஸ்டன் ஆஸ்பத்திரியில் பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உன் மடியில் தலை வைத்து அன்றைக்கு நான் ஒரு பாட்டம் அழுதேன், உனக்கு நினைவிருக்கும். இரண்டு குழந்தைகளையும் ஒரே தொட்டிலில் மாற்றி மாற்றிப் போட்டோம். இரண்டுக்கும் ஒரே டயப்பர், ஒரே கிரைப் வாட்டர். பாஸ்போர்ட்டில் மட்டும்தான் வித்தியாசம். அதைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்.

ஐந்து வயதில் இரண்டையும் சனிக்கிழமை சாக்கரில் சேர்த்தோம். நித்யா மைதானத்தில் மஞ்சள் பூ பறித்தாள். கோலில் நிற்க எந்தப் பிள்ளையும் வராததால் ரீனாவை நிறுத்தினார்கள். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். நித்யா பதின்மூன்று வயதில் ஷூவைக் கழற்றிவிட்டு டிபேட்டுக்குப் போய்விட்டாள், ஆனாலும் என் வேன் நிற்கவில்லை. உனக்கு ஹைவேயில் ஓட்டப் பயம். பென்சில்வேனியா, டெலவேர், எங்கே ஆட்டம் என்றாலும் ஆண்ட்டிதான் டிரைவர்.

நீ மற்ற பெற்றோர்களோடு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார மாட்டாய். கோலுக்குப் பின்னால், வலைக்கு அந்தப்புறம் தனியாகப் போய் நிற்பாய். ஏன் இப்படிக் கோவித்துக்கொண்ட மாதிரி நிற்கிறாய் என்று கேட்டதற்கு, “பத்து பேரைத் தாண்டித்தான் அந்தப் பந்து வருது. ஆனா அவங்க எல்லாரும் எம் பிள்ளையத்தான் பாப்பாங்க. அந்தப் பக்கம் இருந்தா எனக்குக் கோவம் வரும்” என்றாய்.

பிள்ளைகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நியூஜெர்சியின் பெண்கள் அணி ஆடுவதைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு கல்லூரி மைதானம், அலுமினியப் பலகைகள், நம்மைச் சுற்றிச் சில நூறு பேர். ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர் வேலி ஓரமாக வந்து ரீனாவின் சட்டையில் கையெழுத்துப் போட்டாள். நீ விடாமல் பேச்சுக்கொடுத்தாய். யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில், பேஸ்மெண்ட் அறையில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் நீ அதையே சொன்னாய்.

“ஏட்டி, ப்ரொஃபஷனல்ங்குறாங்க, தங்க ஒரு வீடு இல்லையாம். இதுக்கு முந்தி இருந்த லீக்கையும் மூடிட்டாங்களாம்லா. இதுக்கெல்லாம் ஃபியூச்சர் இருக்கா?”

“அவ வளர்றதுக்குள்ள எல்லாம் மாறும்” என்றேன்.

“மாறலன்னா?”

“மாறலன்னா டாக்டருக்குப் படிக்கட்டும். நம்ம பசங்களுக்கு அதுதானே விதி.”

நீ சிரித்தாய். பின் சீட்டில் ரீனா அந்தச் சட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவு கவலைப்பட்டோமே, அந்த ஃபியூச்சர் வந்துவிட்டது, தெரியுமா? பெண்கள் ஆடுவதற்கென்றே ஸ்டேடியம் கட்டுகிறார்கள். புதிது புதிதாக அணிகள் வருகின்றன. டிக்கெட் கிடைப்பதில்லை. டிவியில் போடுகிறார்கள். நித்யா இப்போது கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பெண்கள் ஆட்டத்துக்குப் போய், கழுத்தில் ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு போட்டோ அனுப்புகிறாள். அவள் பின்னால் அந்த மூலை வரைக்கும் ஜனம். லீக் நிலைக்குமா என்றுதான் நாம் பயந்தோம். லீக் நிலைத்து, உள்ளே ரீனாவுக்கு இடமில்லாமல் போகும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியிருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. அவளுக்குப் பதினான்கு வயதில், தேசிய அளவிலான இளையோர் கேம்புக்குத் தேர்வு செய்ய அவள் பேரைக் கொடுத்திருப்பதாகக் கிளப் கோச் சொன்னார். நீ பார்க்கிங்கில் என் வேன் பானட் மேல் வைத்தே ஃபார்மை நிரப்பினாய். பாஸ்போர்ட் நம்பர் கேட்டிருந்த இடத்தில் அழகாக இந்தியப் பாஸ்போர்ட் நம்பரை எழுதினாய். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் உறைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கோச் அதைத் திருப்பிக் கொடுத்தார், குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தானாம். அவருக்கே சங்கடமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ரீனா தலையில் ஹூடியை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இதோ இப்போது சொல்லப்போகிறாய், உன் சமையலறையில் நான் பேசியதை எடுத்துக் கேட்கப்போகிறாய் என்று காத்திருந்தேன். நீ, “பசிக்குது. எங்கயாவது நிறுத்து” என்றாய். நிறுத்தினேன். பீட்சா சாப்பிட்டோம். உனக்கு அது மறந்தே போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். மறக்கவில்லை என்று நினைத்தால் என்னால் அந்த பீட்சாவை விழுங்கியிருக்க முடியாது.

அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. உன் வீட்டுக்காரர் கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வந்தால் பிள்ளைக்கும் வரும். ஆனால் அந்த வரிசை நகர்கிற அழகு தெரிந்ததுதானே. இருபத்தொரு வயது ஆன அன்றைக்கு அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து பிள்ளையின் பேர் விழுந்துவிடும். அந்தப் பிறந்தநாளைப் பார்க்க நீ இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “ரீனாவ விட்டுராத” என்றாய். “விடுவேனாடி” என்றேன். வேறு என்ன சொல்வேன்? அப்போது அவளுக்குப் பத்தொன்பது.

அணி முடியாது என்று சொன்ன பிறகு நான் வக்கீலைப் பிடித்தேன். ஸ்பீக்கரில் போட்டு ரீனாவும் நானும் டைனிங் டேபிளில் உட்கார்ந்தோம். படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு வருஷம் வேலை பார்க்க அனுமதி உண்டாம், ஆனால் படித்த படிப்புக்கு ஏற்ற வேலையாக இருக்க வேண்டுமாம். இவள் படித்தது உயிரியல். கோல் காப்பது உயிரியலில் வராது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விசா இருக்கிறது, அதற்குச் சர்வதேச அளவில் ஆடியிருக்க வேண்டும் என்றார்.

“பென்சில்வேனியா, டெலவேர் எல்லாம் போயிருக்கா சார்” என்றேன். கோபத்தில் சொன்னேனா, கிண்டலில் சொன்னேனா, எனக்கே தெரியாது. ரீனா வாயைப் பொத்திச் சிரித்தாள். வக்கீல் சிரிக்கவில்லை. நாட்டுக்காக ஆடியிருக்கிறாளா என்று கேட்டார்.

“விச் கன்ட்ரி?” என்று கேட்டாள் ரீனா.

பாஸ்போர்ட் கொடுத்த நாடு என்றார் அவர். அங்கே போய் ஆடி, அந்த நாட்டு அணியில் இடம்பிடித்து, அப்புறம் இங்கே ஏதாவது அணி கூப்பிட்டால் வழி இருக்கிறது. கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அணியிலும் அதேதான் சொன்னார்கள், போய் ஆடிவிட்டு வா, அப்போது பார்க்கலாம் என்று. இங்கே வளர்ந்த பிள்ளை இங்கே ஆட வேண்டுமானால் முதலில் ஒழுங்கான வெளிநாட்டுக்காரியாக ஆக வேண்டும். இதை நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அந்தப் பெண்மணியும் மரியாதையாகத்தான் பேசினார். வக்கீலும் தெரிந்ததைத்தான் சொன்னார். கன்னத்தில் அறைய ஒரு ஆள்கூட எனக்கு அகப்படவில்லை.

முதல் ஆட்டத்துக்கு அணியிலிருந்து அவளுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்திருந்தார்கள். போக வேண்டாம் என்றேன். அவள் போகணும் என்றாள். போனோம். இடம் கொள்ளாத கூட்டம். பின் வரிசையில் பக்கத்து ஊர் ஆலனிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம், இரட்டைப் பின்னலோடு எட்டு வயதுப் பெண் ஒருத்தி அட்டையில் கோல்கீப்பர் பேரை எழுதிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பேச்சுக்கொடுத்தாள். ரீனா காலேஜில் கீப்பராக ஆடியவள் என்று தெரிந்ததும் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

“எம் பொண்ணும் கீப்பர்தான் ஆகணும்ங்கறா. வாரம் நாலு நாள் டிரைவ் பண்றேன். ஹானஸ்ட்டா சொல்லும்மா, இதுல ஃபியூச்சர் இருக்கா?”

ரீனா அந்தக் குழந்தையைப் பார்த்து, “டெஃபனட்லி. லுக் அட் திஸ் ப்ளேஸ்” என்றாள். பொய்க்குச் சொல்லவில்லை, அவள் நம்பித்தான் சொன்னாள். நான் தண்ணீர் வாங்கப் போகிறேன் என்று எழுந்து போய், வரிசையில் நின்று, என் முறை வந்ததும் எதற்கு வந்தேன் என்று மறந்து நின்றேன்.

சென்னையில் ஒரு பெண்கள் அணி அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. முதலில் தூத்துக்குடியில் உன் அம்மா வீட்டில் ஒரு வாரம், அப்புறம் சென்னை. அங்கிருந்து திரும்பி வர விசா கிடைக்குமா, எப்போது, ஒன்றும் தெரியாது. பயணத்துக்கு நியூஜெர்சியிலிருந்து உன் வீட்டுக்காரர் வந்து இரண்டு நாள் இருந்தார். மகளின் பெட்டியை மூன்று தடவை எடை பார்த்தார். விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவளுடைய அறையில் உட்கார்ந்துகொண்டார்.

நான்தான் ஓட்டினேன். நடுப்பகல், ரோட்டில் கானல். அவள் என்னிடம் கத்துவதற்குச் சொற்கள் கேட்டாள். கீப்பர் பின்னால் நின்றுகொண்டு கத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம், அங்கே எல்லாரும் தமிழில் கத்துவார்களாம்.

“‘அவே’ இன் தமிழ், ஆண்ட்டி?”

“‘வெளிய அடி’ன்னு சொல்லு.”

“வெலிய அடி!”

“‘வெளிய’. கொஞ்சம் கோவமா கத்து. ஊருக்குப் போனப்ப உங்க அம்மா காய்காரர்கிட்ட கத்துவால்ல, அப்படி.”

அவள் கத்தினாள். பக்கத்து லேன் காரிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். இருவரும் சிரித்தோம். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கழற்றாமல், இருபத்திரண்டு வருஷமாக மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

“ரீனா, உங்க அம்மாவ அப்ப ஊருக்குப் போகச் சொன்னது நான்தான். உங்க அப்பா வேணாம்னாரு. நான்தான் பேசிப் பேசி அனுப்பினேன். இல்லன்னா நீ இங்கதான் பொறந்திருப்ப.”

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“ஐ நோ, ஆண்ட்டி.”

“யார் சொன்னா?”

“அம்மா. வென் த கேம்ப் ஃபார்ம் கேம் பேக். ஐ வாஸ் ஸோ மேட். ஐ யெல்ட், ஒய் டிட் யூ கோ? ஷி டோல்ட் மீ எவ்ரிதிங். ஐ செட் ஐ வாஸ் கோயிங் டு ஆஸ்க் யூ.” சீட் பெல்ட்டை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, தமிழே வராத அந்தப் பிள்ளை, உன் குரலில், உன் இழுவையோடு, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். “‘அவளுக்கும் அம்மாட்ட போவணும்னு இருந்துச்சு. போவ முடியல. அதான் என்னைய அனுப்புனா. அதப் போய் அவகிட்ட கேப்பியா?’ தென் ஷி மேட் மீ ப்ராமிஸ்.”

அதற்குப் பிறகு பெட்டிகளை இறக்கினோம். என்னைக் கட்டிப்பிடித்து, “இட்ஸ் ஓகே ஆண்ட்டி” என்றாள். வரிசையில் நின்றாள். ஒரு தடவை திரும்பிக் கை காட்டினாள். உள்ளே போய்விட்டாள். தூத்துக்குடியிலிருந்து நேற்று பேசினாள். வெயில் தாங்கவில்லையாம். மைதானத்தில் புல் இல்லையாம். விழுந்து விழுந்து பிடித்து முழங்கை உரிந்துவிட்டதாம். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஃபார்ம் திரும்பி வந்ததிலிருந்து நீ போகும் வரை ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டு, என் டிரைவிங்கைக் கிண்டல் செய்துகொண்டு வந்தாய். பின் சீட்டில் உன் மகளும் எல்லாம் தெரிந்துகொண்டு பேசாமல் வந்தாள். நான் மட்டும் உனக்கு மறந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு வண்டி ஓட்டினேன். ஒரே ஒரு தடவை திட்டியிருக்கலாம்டி நீ. வண்டியை ஓரமாக நிறுத்தி நானும் அழுது, சண்டை போட்டு, காலில் விழுந்தாவது கேட்டிருப்பேன். இப்போது உன் மன்னிப்பு என் கையில் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் எனக்கு ஆள் இல்லை.